துணைவரின் விந்தணுவா, டோனரா? சிகிச்சைக்குள் முதல்முறை நுழைபவர்களுக்கு

விந்துப் பரிசோதனை ரிப்போர்ட் மோசமாக வந்த அன்றே "டோனர் வைத்துக்கொள்ளலாமே, சீக்கிரம் முடிந்துவிடும்" என்று, அதாவது வேறொரு ஆண் தானமாகக் கொடுத்த விந்தணுவைப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு. டோனர் என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது என்று வருஷக்கணக்கில் மாத்திரை விழுங்கிக் காலத்தைக் கடத்தும் தம்பதிகளும் உண்டு. முதலாவதில் இன்னும் திறந்திருக்கும் ஒரு வழி காரணமில்லாமல் அடைபடுகிறது, இரண்டாவதில் பெண்ணின் வயது ஓடிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே எதை எந்த வரிசையில் பார்ப்பது, டோனர் என்று முடிவானால் சிகிச்சையில் எது மாறும், எது மாறாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தனியாகக் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் பெண்களும், பெண்ணும் பெண்ணுமாக வாழ்பவர்களும் டோனரைத் தேர்ந்தெடுக்கும் பகுதியிலிருந்து படித்தால் போதும்.

முதலில் ரிப்போர்ட்டைச் சரியாகப் படியுங்கள்

ஒரே ஒரு பரிசோதனையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், அது முதிர்ந்து வெளியே வர இன்னும் சில நாள் என்று பார்த்தால், இன்றைக்குக் கொடுக்கும் சாம்பிள் என்பது இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பு உடம்பு எப்படி இருந்தது என்பதன் கணக்கு. அப்போது கடும் காய்ச்சல் வந்திருந்தால் இப்போது எண்ணிக்கை விழுந்திருக்கும். அதனால் மோசமான ரிப்போர்ட் வந்தால் சில வாரமாவது, முடிந்தால் மூன்று மாதம் விட்டு இன்னொரு முறை பாருங்கள். சாம்பிள் கொடுப்பதற்கு முன் 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும், எண்ணெய், ஜெல், எச்சில் எதையும் பயன்படுத்தக் கூடாது, வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். முதல் சொட்டுகள் கப்பில் விழாமல் வெளியே போய்விட்டால் வெட்கப்படாமல் லேபில் சொல்லிவிடுங்கள். விந்தணு அதிகம் இருப்பது அந்தப் பகுதியில்தான், அது போனால் ரிப்போர்ட்டே பொய்யாகிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஆறாவது பதிப்பின்படி கீழ் எல்லைகள் இவை: விந்தின் அளவு 1.4 மில்லி, ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணு, மொத்தமாக 3 கோடியே 90 லட்சம், நகர்வது 42 சதவீதம், முன்னோக்கி நகர்வது 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். அந்தக் கடைசி எண்ணைப் பார்த்துத்தான் பலர் பதறுகிறார்கள். "96 சதவீதம் வடிவம் சரியில்லை" என்று எழுதியிருந்தால் ஏதோ பெரிய கோளாறு என்று தோன்றும், ஆனால் 4 இருந்தாலே அது எல்லைக்குள்தான். இன்னொன்று, இந்த எண்களெல்லாம் ஒரு வருஷத்துக்குள் இயற்கையாகக் கருத்தரித்த தம்பதிகளின் ஆண்களிடம் அளந்து, அதில் கடைசி 5 சதவீதத்தில் போட்ட கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் குழந்தை பிறந்திருக்கிறது. பாஸ், ஃபெயில் மார்க் மாதிரி பார்க்காதீர்கள்.

காரணத்தைத் தேடாமல் டோனருக்குப் போகாதீர்கள்

விந்தணு குறைவு என்பதும் விந்தணுவே இல்லை என்பதும் வேறு வேறு விஷயம். அறவே இல்லாத நிலைக்கு அசூஸ்பெர்மியா என்று பெயர், ஆண்களில் சுமார் 100-க்கு ஒருவருக்கு இருக்கிறது. அதிலும் இரண்டு வகை. விதைப்பையில் உற்பத்தி நன்றாக நடக்கிறது, வெளியே வரும் குழாயில் அடைப்பு என்பது ஒன்று. உற்பத்தியே நின்றுபோயிருப்பது இன்னொன்று. இதைப் பிரித்துப் பார்க்க ஆண்ட்ராலஜிஸ்ட் (ஆண் குறைபாட்டு நிபுணர்) அல்லது யூராலஜிஸ்ட் கைவைத்துப் பரிசோதிக்க வேண்டும், எஃப்எஸ்ஹெச், டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களைப் பார்க்க வேண்டும், அப்புறம் மரபணுச் சோதனை. க்ரோமோசோம் சோதனையில் க்ளைன்ஃபெல்டர் (ஒரு எக்ஸ் க்ரோமோசோம் கூடுதலாக இருப்பது) தெரியவரலாம், ஒய் க்ரோமோசோமில் சிறு துண்டு விடுபட்டிருக்கலாம், பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாதவர்களுக்கு சிஎஃப்டிஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கலாம்.

இந்தச் சோதனைகளால் என்ன பயன் என்று கேட்டால், ஒய் க்ரோமோசோமில் எந்த இடம் விடுபட்டிருக்கிறது என்பதை வைத்தே பாதி முடிவு வந்துவிடும். அதில் விந்தணு உற்பத்திக்கான இடத்துக்கு ஏஇசட்எஃப் என்று பெயர், அதன் ஏ அல்லது பி பகுதி முழுதாகப் போயிருந்தால் அறுவைசிகிச்சை செய்து தேடினாலும் விந்தணு கிடைக்காது, கத்தி வைப்பதே வீண். சி பகுதி மட்டும் போயிருந்தால் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும். இதெல்லாம் தெரியாமல் எடுக்கும் முடிவு குருட்டாம்போக்குதான்.

சில காரணங்கள் மருந்திலேயே சரியாகும். உடம்பை ஏற்றுவதற்காக டெஸ்டோஸ்டிரோன் அல்லது ஸ்டீராய்டு ஊசி போடுபவர்களுக்கு மூளை "போதுமான அளவு இருக்கிறது" என்று நினைத்து விதைப்பைக்குப் போகும் உத்தரவை நிறுத்திவிடும், விந்தணு பூஜ்யத்துக்கே போகலாம். நிறுத்தினால் பெரும்பாலும் சில மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் திரும்பிவிடும், சிலருக்கு இன்னும் நாளாகும். டாக்டர் நேராகக் கேட்காவிட்டால் இதை யாரும் சொல்வதில்லை, ஆண்களே, நீங்களாகச் சொல்லிவிடுங்கள். பிறவியிலேயே மூளையிலிருந்து அந்த உத்தரவு வராதவர்களுக்கு ஊசி மூலம் உற்பத்தியைத் தொடங்க வைக்க முடியும். நீண்டநாள் சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும், அதைச் சிறுநீரிலிருந்தே பிரித்தெடுப்பார்கள்.

துணைவரின் விந்தணுவோடு எவ்வளவு தூரம் போகலாம்

எண்ணிக்கை லேசாகக் குறைவு என்றால் ஐயுஐ. சாம்பிளைக் கழுவி, நன்றாக ஓடுவதை மட்டும் பிரித்து, மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் விடுவார்கள். கழுவிய பிறகு ஓடும் விந்தணு 50 லட்சத்திலிருந்து 1 கோடிக்கு மேல் இருந்தால் முயற்சிக்கு அர்த்தமுண்டு, 10 லட்சத்துக்குக் கீழே என்றால் ஐயுஐ மேல் ஐயுஐயாகப் போட்டுக்கொண்டிருப்பது காலவிரயம். அதனால் ஒவ்வொரு முறையும் "கழுவிய பிறகு எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மிகவும் குறைவு என்றால் இக்ஸி. ஒரு கருமுட்டைக்கு ஒரு விந்தணுவை ஊசியால் உள்ளே செலுத்துவது. பிரஸ்ஸல்ஸில் இதன் முதல் வெற்றிகள் 1992-இல் வெளியாகும் வரை கடுமையான ஆண் குறைபாட்டுக்குப் பெரும்பாலும் டோனர் ஒன்றுதான் வழியாக இருந்தது. இன்று விந்தில் ஒன்றுமே இல்லாதவர்களுக்கும் விதைப்பையிலிருந்து நேரடியாக எடுத்து இக்ஸி செய்கிறார்கள். அடைப்பு வகையில் விந்தணு கிடைப்பது கிட்டத்தட்ட உறுதி. உற்பத்தி நின்ற வகையில் மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடும் மைக்ரோ டீஸி செய்தாலும் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் கிடைக்கிறது.

கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இதுதான். மனைவிக்கு பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டு, மயக்கம் கொடுத்து முட்டை எடுக்கும் அதே நாளில் கணவருக்கும் அறுவைசிகிச்சை வைப்பார்கள். மதியம் லேபில் முட்டையையும் கருவையும் கையாளும் எம்பிரியாலஜிஸ்ட் வெளியே வந்து "ஒன்றும் கிடைக்கவில்லை, முட்டைகள் காத்திருக்கின்றன, டோனர் போடலாமா?" என்று கேட்கிறார். முட்டைக்குச் சில மணி நேரம்தான் தாங்கும். ஒருவர் மயக்கத்திலிருந்து முழுதாகத் தெளியவில்லை, இன்னொருவர் வலியில் படுத்திருக்கிறார், வாழ்க்கை முழுக்க நிற்கப் போகும் ஒரு கையெழுத்தை அந்த நிலையிலா போடுவது? சிகிச்சை தொடங்கும் முன்பே எழுத்தில் முடிவு செய்துவிடுங்கள்: கிடைக்காவிட்டால் முட்டைகளை உறையவைப்பதா, டோனரா, அல்லது விட்டுவிடுவதா. முடிந்தால் கணவருக்கான தேடலை முன்கூட்டியே தனியாக வைத்து, கிடைத்ததை உறையவைத்துவிட்டு, அப்புறம் மனைவிக்கு ஊசி தொடங்கச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், கேட்பதில் தப்பில்லை.

விந்தணு ஓரளவு இருந்தும் தரம் சந்தேகம் என்றால், சில இடங்களில் பாதி முட்டைக்குத் துணைவருடையது, பாதிக்கு டோனருடையது என்று பிரித்துச் செய்வார்கள். எந்தக் கரு எதிலிருந்து வந்தது என்று தனித்தனியாகப் பதிவாகிறதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு விந்தையும் கலந்து போட்டு "யாருடையது என்று தெரியாமலே இருக்கட்டும்" என்பது பழைய காலத்து வழக்கம். மருத்துவ ரீதியாக ஒரு லாபமும் கிடையாது, யாராவது அப்படிச் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

டோனர் எப்போது நியாயமான முடிவு

தேடியும் விந்தணு கிடைக்கவில்லை, அல்லது இக்ஸியில் திரும்பத் திரும்பக் கரு நின்றுபோகிறது, விந்தணுதான் காரணம் என்று தெரிகிறது, அல்லது தந்தை வழியில் தீவிரமான பரம்பரை நோய் இருக்கிறது. கடைசிக் காரணத்துக்கு ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்து லேபில் கருவாக்குவது) செய்து கருவைச் சோதித்து நோயில்லாததை மட்டும் வைக்கும் வழியும் உண்டு, அதையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இவை தவிர இன்னொரு காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் தயங்குகிறார்கள்: "இக்ஸி செலவும் ஊசியும் அறுவைசிகிச்சையும் வேண்டாம், டோனரோடு எளிய ஐயுஐ போதும்" என்று தம்பதி தெளிவாக யோசித்து முடிவெடுப்பது. இருவரும் மனதாரச் சொன்னால் அது முழுக்க நியாயமான காரணம்தான்.

ஆனால் டோனர் என்றதும் கருத்தரிப்பு உறுதி என்று நினைக்கக் கூடாது. பிரான்சில் 1982-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. கணவருக்கு விந்தணுவே இல்லாத 2193 பெண்களுக்கு டோனர் விந்தணு செலுத்திப் பார்த்தார்கள். 12 மாதவிடாய்ச் சுழற்சி முடிவில் 30 வயது வரையிலான பெண்களில் 73, 74 சதவீதம் பேர் கருத்தரிக்கலாம் என்று கணக்கு வந்தது, 31 முதல் 35 வரை 61 சதவீதமாகவும், 35-க்கு மேல் 54 சதவீதமாகவும் இறங்கியது. ஆண் பக்கத்தில் குறையில்லாத விந்தணுவைக் கொடுத்த பிறகும் எண் இறங்குகிறது என்றால், அது முட்டையின் வயது. கணவரின் சிகிச்சைக்காக எவ்வளவு காலம் காத்திருப்பது என்று மனைவியின் வயதையும், முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ஹார்மோன் அளவையும் வைத்து ஒரு கெடு போட்டுக்கொள்ளச் சொல்வது இதனால்தான். 28 வயதில் ஒரு வருஷம் கொடுக்கலாம். 38 வயதில் மூன்று மாதமே யோசிக்க வேண்டியது.

கணவர் "எனக்கு ஓகே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் அதை நம்பி ஓடாதீர்கள். தன் மரபணு இனி தொடராது என்பது ஒரு இழப்பு, அதற்கு வருத்தப்பட அவருக்கு இடம் வேண்டும். கவுன்சிலிங் பல நாடுகளில் கட்டாயம், கட்டாயமில்லாத இடத்திலும் ஒரு முறை இருவரும் சேர்ந்தும், ஒரு முறை தனித்தனியாகவும் போய்விட்டு வாருங்கள்.

டோனரைத் தேர்ந்தெடுப்பது

உயரம், கண் நிறம், படிப்பு என்று பட்டியல் கொடுப்பார்கள், எல்லோரும் அதில்தான் நேரம் செலவழிப்பார்கள். பார்க்க வேண்டியது அதற்குக் கீழே இருக்கிறது.

முதலாவது மரபணு. தலசீமியா, சிக்கிள் செல் (இரண்டும் ரத்த நோய்கள்), எஸ்எம்ஏ (தசை பலவீனமாகும் நோய்) மாதிரி பரம்பரை நோய்களின் மரபணு ஒருவரிடம் ஒரு பிரதி மட்டும் இருந்தால் அவருக்கு நோய் இருக்காது. அதே நோயின் மரபணு பெண்ணிடமும் டோனரிடமும் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. டோனருக்குச் சோதனை செய்திருக்கிறோம் என்று விந்து வங்கி சொல்வது பாதிதான், பெண்ணுக்கும் அதே சோதனை செய்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது ரத்த வகை. பெண் ஆர்ஹெச் நெகட்டிவ் என்றால் டோனர் பாசிட்டிவா என்று தெரிந்திருப்பது நல்லது. மூன்றாவது சிஎம்வி என்ற வைரஸ். பெண்ணுக்கு அது வந்ததே இல்லை என்றால் சிஎம்வி நெகட்டிவ் டோனரைத்தான் பொதுவாகச் சொல்வார்கள்.

எய்ட்ஸ் தெரியவந்த பிறகு, 1980-களின் பிற்பகுதியிலிருந்து, டோனர் விந்தை அப்போதே எடுத்து அப்படியே பயன்படுத்தும் வழக்கம் கைவிடப்பட்டது. இப்போது எடுத்தவுடன் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்து, வழக்கமாக ஆறு மாதம் கழித்து டோனருக்கு ஹெச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ் எல்லாம் மறுபடி சோதித்து, சுத்தம் என்றால்தான் வெளியே விடுவார்கள். நவீன சோதனைகள் உள்ள சில இடங்களில் இந்தக் காலம் குறையும். தெரிந்த நண்பர் ஒருவர் கொடுக்கிறார், வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம் என்ற யோசனை உங்களுக்கு வந்தால் இந்தச் சோதனை எதுவும் இல்லாமல் போகிறது என்பதோடு, பல நாடுகளின் சட்டத்தில் அந்த நண்பர் தந்தையாகவே கருதப்படலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

வாங்கும்போது கழுவியதா, கழுவாததா என்று பாருங்கள். கழுவாத குப்பியை அப்படியே கருப்பைக்குள் விட்டால் கடுமையான வலி வரும், லேபில் கழுவியே ஆக வேண்டும். சில வங்கிகளில் எம்ஓடி 10, எம்ஓடி 20 என்று போட்டிருக்கும். எம்ஓடி 10 என்றால் உறைநிலை நீக்கிய பிறகு ஒரு மில்லிக்குக் குறைந்தது 1 கோடி விந்தணு ஓடும் என்று அர்த்தம், ஆனால் ஒரு ஸ்ட்ராவில் (விந்தை உறையவைக்கும் மெல்லிய குழாய்) அரை மில்லிதான் இருக்கும், ஆக கையில் வருவது 50 லட்சம். ஐயுஐக்கு அது போதுமா, இரண்டு ஸ்ட்ரா வேண்டுமா என்பதை ஆர்டர் போடுவதற்கு முன் உங்கள் கிளினிக்கிடம் கேளுங்கள். இக்ஸிக்கு அவ்வளவு தேவையில்லை, குறைந்த எண் உள்ளதே போதும், பணமும் மிச்சம். இரண்டாவது குழந்தையும் அதே டோனரில் வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், சட்டம் அனுமதிக்கும் இடத்தில் கூடுதல் குப்பிகளை இப்போதே ஒதுக்கி வையுங்கள், டோனர் ஓய்வு பெற்றுவிட்டால் பிறகு கிடைக்காது.

சுழற்சி நடக்கும் மாதம்

பெண்ணின் பக்கத்தில் இரண்டு வழிக்கும் ஒரே நடைமுறைதான். ஐயுஐக்கு முன் கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று ஹெச்எஸ்ஜி என்ற எக்ஸ்ரே பார்ப்பது, ஸ்கேனில் ஃபாலிக்கிள் (முட்டை வளரும் பை) வளர்வதைப் பார்ப்பது, அளவு வந்ததும் முட்டையை வெளிவர வைக்கும் டிரிகர் ஊசி. வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. அப்போதே எடுத்த விந்தணு பெண்ணின் உடம்புக்குள் சில நாள், சில சமயம் ஐந்து நாள் வரைகூட உயிரோடு இருக்கும், அதனால் ஒரு நாள் முன்பின் ஆனாலும் சமாளிக்கும். உறையவைத்து எடுத்தது அவ்வளவு தாங்காது, ஒரு நாள் வரை என்றே கணக்குப் போடுவார்கள். வெளிவந்த முட்டையின் ஆயுளும் 12 முதல் 24 மணி நேரம்தான். டிரிகர் ஊசிக்கு 36 மணி நேரத்துக்குப் பிறகு முட்டை வெளிவரும் என்பதால், டோனர் ஐயுஐயில் ஊசியை இரவு 10 மணிக்கு என்று சொன்னால் 10 மணிக்கே போட வேண்டும். "ஞாயிற்றுக்கிழமை லேப் மூடல், திங்கள் வாங்க" என்று சொல்லும் இடமா என்பதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். துணைவரின் சாம்பிளுக்கு ஓரளவு பரவாயில்லை, உறைந்த டோனர் சாம்பிளுக்கு அந்த ஒரு நாளில் மாதமே போய்விடும்.

துணைவரின் சாம்பிள் என்றால் வேறொரு தலைவலி உண்டு. அன்றைக்குக் காலையில், சின்ன அறையில், வெளியே நர்ஸ் காத்திருக்க, சாம்பிள் வராமல் போவது சகஜம். முன்கூட்டியே ஒன்றை உறையவைத்து வைத்திருந்தால் அந்தப் பதற்றமே பாதி குறையும்.

உள்ளே செலுத்துவதற்கு முன் லேபிலிருந்து வருபவர் குப்பியைக் காட்டி உங்கள் பெயர், பிறந்த தேதி, டோனர் எண் மூன்றையும் படித்துக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் படுத்தபடியே கேளுங்கள். உறைநிலை நீக்கிய பிறகு எத்தனை ஓடியது என்ற எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு வாரம் காத்திருந்து ரத்தத்தில் பீட்டா ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் சோதனை. டிரிகர் ஊசியிலேயே ஹெச்சிஜி இருப்பதால் ஒரு வாரத்தில் வீட்டு டெஸ்ட் கிட்டில் வரும் இரண்டு கோடு பொய்யாக இருக்கலாம், அவசரப்பட்டு யாருக்கும் போன் போடாதீர்கள்.

மூன்றிலிருந்து ஆறு ஐயுஐ வரை பொதுவாகப் பார்ப்பார்கள், வயது கூடுதல் என்றால் அதற்கு முன்பே ஐவிஎஃப்புக்கு மாறச் சொல்வார்கள்.

கையெழுத்து, சட்டம், ரகசியம்

டோனர் விந்தில் பிறந்த குழந்தையாக முதலில் பதிவான சம்பவம் 1884-இல் பிலடெல்பியாவில் நடந்தது. ஒரு டாக்டர், மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு மருத்துவ மாணவர் ஒருவரின் விந்தைச் செலுத்தினார், பிறகு கணவரிடம் மட்டும் சொன்னார், அந்தப் பெண்ணிடம் சொல்லவே இல்லை. விஷயம் வெளியே வந்தது 1909-இல். ஒப்புதல் படிவம் ஏன் இவ்வளவு பக்கம் இருக்கிறது என்று சலித்துக்கொள்ளும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். சட்டப்படி தந்தை யார் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சிகிச்சைக்கு முன் போட்ட அந்தக் கையெழுத்துதான்.

டோனர் யார் என்று தெரியுமா என்பது நாட்டுக்கு நாடு வேறு. சுவீடனில் 1985-லிருந்து, பிரிட்டனில் 2005-இல் மாறிய விதிப்படி, குழந்தை வளர்ந்த பிறகு டோனரின் அடையாளத்தைக் கேட்டுப் பெறலாம். இந்தியாவில் செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சைக்கான 2021 சட்டம் டோனர் விவரத்தை ரகசியமாக வைக்கிறது, ஒரு டோனரின் விந்தணுவை ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கவும் தடை. பிரிட்டனில் அந்த வரம்பு 10 குடும்பம். வெளிநாட்டு வங்கியிலிருந்து வாங்குபவர்கள், தாங்கள் வாழும் நாட்டின் விதியையும் வங்கி இருக்கும் நாட்டின் விதியையும் இரண்டையும் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொன்னாலும் எச்சிலை அனுப்பி வம்சாவளி பார்க்கும் டிஎன்ஏ சோதனைகள் வந்த பிறகு முழு ரகசியம் என்பது நடைமுறையில் கிடையாது. ஒரு தூரத்து உறவினர் சோதித்திருந்தாலே போதும், இழை பிடித்து வந்துவிடலாம். குழந்தையிடம் சின்ன வயதிலேயே, ஐந்தாறு வயதுக்கு முன்பே, சாதாரணமாகச் சொல்லத் தொடங்குங்கள் என்றுதான் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். என் கருத்தும் அதேதான். இருபது வயதில் வேறு யாரோ சொல்லித் தெரிந்தால் கோபம் டோனர் மேல் வராது, மறைத்தவர்கள் மேல்தான் வரும். உறவினர்களுக்குச் சொல்வது வேறு விஷயம், அது உங்கள் இஷ்டம். ஆனால் குழந்தைக்குத் தெரிவதற்கு முன் பத்துப் பேருக்குத் தெரிய வேண்டாம்.

கருத்தரித்த பிறகு

பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் மட்டும் டோனர் என்று சொல்லிவிடுங்கள். டோனர் விந்தணுவில் உண்டான கர்ப்பத்தில் பிரீஎக்ளாம்ப்சியா என்ற ரத்த அழுத்தப் பிரச்சினை கொஞ்சம் அதிகம் வருவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த விந்தணுவுக்குப் பெண்ணின் உடம்பு முன்பே பழகியிருக்கவில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். பயப்பட வேண்டிய அளவு இல்லை, பிரஷரை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் குறைந்த அளவு ஆஸ்பிரின் தரலாமா என்று டாக்டர் முடிவு செய்வார்.

டோனர் எண், வங்கியின் பெயர், மரபணு ரிப்போர்ட், ஒப்புதல் படிவங்களின் நகல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, கிளினிக்கை நம்பாமல் உங்களிடமே ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்ததை வங்கிக்குத் தெரிவிக்கவும் மறக்காதீர்கள். அந்த டோனருக்கோ அவர் மூலம் பிறந்த வேறொரு குழந்தைக்கோ பின்னாளில் பரம்பரை நோய் ஏதாவது தெரியவந்தால், வங்கி தகவல் அனுப்புவது பிறப்பைப் பதிவு செய்த குடும்பங்களுக்குத்தான்.